கல் தோரணமும் காலடிப் பாதையும்

மலை ஏறுதல் நம் மக்களுக்குப் புதியதன்று. வெள்ளியங்கிரி, சதுரகிரி, பருவதமலை போன்ற இடங்களில் செங்குத்தான ஏற்றங்களைக் கடந்து சென்று திரும்புவோர் ஆண்டுதோறும் பெருந்திரளாக உள்ளனர். ஏறுகின்றவர் அனைவரும் உச்சியையே எண்ணுகின்றனர். பாதையை எண்ணுவோர் மிகச் சிலரே. ஆயினும் ஒரு மலைப்பகுதி செழிப்பதும் சீர்கெடுவதும், அங்கே செல்வோர் நலமாகத் திரும்புவதும் திரும்பாமற் போவதும் பெரும்பாலும் பாதையைப் பொறுத்தவையே. இவ்வுண்மையைத் தெளிவாக எடுத்துக்காட்டவல்ல இடம் ஒன்று அமெரிக்க ஐக்கிய நாடுகளில் யூட்டா மாநிலத்தின் தென்கிழக்குப் பகுதியில் அமைந்துள்ளது. அங்குள்ள பாறை வளைவு ஒன்றையும், அதற்குச் செல்லும் ஏற்றத்தையும், அவற்றைக் காக்க மேற்கொள்ளப்பட்ட முறைகளையும் இக்கட்டுரையில் காண்போம்.

வளைவுகளின் நாடு

மோவாப் என்னும் சிற்றூருக்கு வடக்கே சில கிலோமீட்டர் தொலைவில் 'ஆர்ச்சஸ் தேசியப் பூங்கா' உள்ளது. பூங்கா என்றவுடன் மலர்ச் செடிகளும் நீரூற்றுகளும் நினைவுக்கு வருதல் இயல்பு. இதுவோ செந்நிறப் பாறைகள் நிறைந்த வறண்ட மேட்டு நிலம். ஏறத்தாழ 310 சதுரக் கிலோமீட்டர் பரப்புள்ள இந்நிலத்தில் இயற்கையாகவே அமைந்த கல் வளைவுகள் 2,000-க்கு மேல் உள்ளன. குறைந்தது 3 அடி அகன்ற திறப்பு உடையதையே வளைவு என்று கணக்கில் கொள்கின்றனர்.

இவற்றுள் புகழ் மிக்கது 'டெலிகேட் ஆர்ச்' என்பது. மென்மையான வளைவு என்று இதற்குப் பொருள் கூறலாம். பக்கத்தில் எவ்விதச் சுவரும் இன்றித் தனித்து நிற்கும் இவ்வளைவின் திறப்பு ஏறத்தாழ 14 மீட்டர் உயரமும் 10 மீட்டர் அகலமும் கொண்டது. நான்கு மாடி வீடு ஒன்று இதனுள் நிற்கும் என்றால் அதன் அளவு விளங்கும்.

இத்தகைய அமைப்பு நமக்கு அருகிலும் உண்டு. திருமலையில் சக்கர தீர்த்தத்தை அடுத்துள்ள சிலா தோரணம் இயற்கை வளைவே. ஏறத்தாழ 8 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் உடைய அது தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டுள்ளது. கல் தோரணம் என்னும் பெயர் எவ்வளவு பொருத்தமானது என்பதைப் படத்தில் கண்டவரும் அறிவர்.

உப்பும் மழையும் செய்த வேலை

இத்தோரணங்களை அமைத்த சிற்பி யார்? மழையும், அதற்கு முன்னதாக உப்பும் ஆகும். வேதாரணியத்திலும் தூத்துக்குடியிலும் உப்பளங்களைக் கண்டவர்களுக்கு இதனை விளக்குதல் எளிது. பாத்தியில் தேங்கிய கடல்நீர் வெயிலில் வற்றியதும் அடியில் உப்பு படிகின்றது. ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன்பு யூட்டாவின் இத்தென்கிழக்குப் பகுதி இத்தகைய பெரும் பாத்தியாக இருந்தது. கடல் உட்புகுவதும் வற்றுவதுமாகப் பன்முறை நிகழ்ந்தமையால், சில இடங்களில் ஆயிரக்கணக்கான அடிக் கனத்துக்கு உப்பு படிந்தது.

பின்னர் அதன்மேல் மணலும் வண்டலும் அடுக்கடுக்காகப் படிந்து, இறுகிப் பாறையாயின. மேற்பாரம் மிகுந்தபொழுது உப்பு ஓரிடத்தில் நிலைத்து நிற்கவில்லை. கையால் அழுத்திய மாவு விரலிடுக்கில் பிதுங்குவது போல, அது பாரம் குறைந்த பக்கமாக நகர்ந்து மேலெழும்பியது. அதனால் மேலிருந்த பாறை அடுக்குகள் வளைந்தன. ஒன்றுக்கொன்று இணையான நீண்ட வெடிப்புகள் அவற்றில் விழுந்தன. வெடிப்பின் வழியே இறங்கிய நீர் பக்கங்களை அரித்தது. முடிவில், மீனின் துடுப்பைப் போன்ற மெல்லிய நெடும் பாறைச் சுவர்கள் வரிசையாக நின்றன.

இச்சுவர்கள் மணற்கல்லால் ஆனவை. மணற்கல் என்பது மணல்மணிகளைச் சுண்ணாம்புக் காரை பிணைத்திருப்பது போன்றதே. மழைநீரில் உள்ள சிறிதளவு அமிலம் இப்பிணைப்பை மெல்லக் கரைக்கின்றது. குளிர்காலத்திலோ பாறையின் துளைகளில் புகுந்த நீர் இரவில் உறைகின்றது. உறையும் நீர் ஏறத்தாழ நூற்றுக்கு 9 பங்கு பருமன் கூடுவதால், பாறைச் செதில்கள் பெயர்ந்து விழுகின்றன. சுவரின் அடியில் மென்பாறை உள்ள இடத்தில் முதலில் குழி தோன்றும். குழி வளர்ந்து துளையாகும். துளை விரிந்து தோரணமாகும். இப்பகுதியில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை 8 முதல் 10 அங்குலமே. அச்சிறு மழைதான் இவ்வளவு பெரிய வேலையைச் செய்துள்ளது.

சுற்றியுள்ளவை உதிர்ந்தபின் வளைவு மட்டும் எவ்வாறு நிற்கின்றது என்னும் வினா எழலாம். செங்கற் கமானைக் கட்டும் கொத்தனார் இதற்கு விடை அறிவார். மேற்பாரம் கமானின் கற்களை ஒன்றோடொன்று நெருக்கி இறுக்குகின்றது. அந்த இறுக்கமே அதனைத் தாங்குகின்றது. செக் குடியரசின் ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, மணற்கல்லிலும் இதுவே நிகழ்வதைக் காட்டியது. பாரம் தாங்கும் பகுதியில் மணல்மணிகள் நெருங்கிப் பூட்டிக்கொள்வதால் அங்கே அரிப்பு குறைகின்றது. பாரம் தாங்காத பகுதியே எளிதில் உதிர்கின்றது. ஆகவே, தாங்கும் வடிவம் தானே எஞ்சி நிற்கின்றது.

வறண்ட ஓடைக்கரையில் ஓர் உழவர்

டெலிகேட் வளைவுக்குச் செல்லும் பாதை மரத்தால் ஆன சிறு குடில் ஒன்றின் அருகில் தொடங்குகின்றது. ஓஹையோ மாநிலத்தைச் சேர்ந்த ஜான் வெஸ்லி உல்ஃப் என்பவர் 1898-இல் தம் மகனுடன் இங்கு வந்து குடியேறினார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் காலில் காயமுற்றவர் அவர். வறண்ட காற்று உடலுக்கு இதமளிக்கும் என்று கருதி வந்தார். 'சால்ட் வாஷ்' என்னும் ஓடையின் கரையில் 100 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தைத் தேர்ந்தெடுத்தார். மாடுகளுக்குப் புல்லும் குடிக்க நீரும் அங்கே கிடைத்தமையே காரணம். குடில் ஒன்றும் மாட்டுத் தொழுவம் ஒன்றும் கட்டி, ஓடையின் குறுக்கே சிறு அணையும் அமைத்துக் கொண்டார்.

பின்னர் அவருடைய மகளின் குடும்பமும் வந்து சேர்ந்தது. பலகைத் தரையுடன் புதிய குடில் ஒன்று அவர்களுக்காகக் கட்டப்பட்டது. 1910-இல் அக்குடும்பம் ஓஹையோவுக்கே திரும்பிச் சென்றது. பெருமழையில்லா நிலத்தில் ஒரு குடும்பம் பத்தாண்டுக்கு மேல் வாழ்ந்ததற்கு ஆதாரம் அந்த ஓடையே. நீர் இருக்கும் இடத்தில்தான் குடியும் உண்டு என்பதற்கு அவ்வெளிய குடில் இன்றும் சான்று பகர்கின்றது.

ஓடையைக் கடந்து சற்று நடந்தால், பாறைமீது குதிரை வீரர்களையும் காட்டாடுகளையும் செதுக்கிய உருவங்கள் காணப்படும். 1650-க்கும் 1850-க்கும் இடையே யூட் பழங்குடியினர் இவற்றைச் செதுக்கியதாகக் கருதுகின்றனர்.

ஏற்றத்தின் இயல்பு

வளைவுக்குச் சென்று திரும்ப மொத்தம் ஏறத்தாழ 5 கிலோமீட்டர். இரண்டு அல்லது மூன்று மணி நேரத்தில் போய் வரலாம். கணக்கில் இது சிறிய நடையே. உழவர்கள் வயலுக்குச் சென்று வருவதே சில நாட்களில் இதைவிட மிகுதி. ஆயினும் அப்பாதையின் தன்மை வேறு.

முதற் பகுதி அகலமான மண்பாதை. அதன்பின் மண் மறைந்து, சாய்ந்த பெரும் பாறை ஒன்றே எதிரே நிற்கின்றது. அதில் மரமும் இல்லை, நிழலும் இல்லை, கால் வைக்கப் படியும் இல்லை. பாதை எது என்பதைக் காட்ட, இடையிடையே கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்துள்ளனர். அக்கற்குவியல்களை ஒன்றிலிருந்து மற்றொன்றாகப் பார்த்துக்கொண்டே ஏற வேண்டும். அவற்றைக் கலைப்பதும் விளையாட்டாகப் புதியவற்றை அடுக்குவதும் பின்னால் வருவோரை வழிதவறச் செய்யும் தீச்செயல்கள் ஆகும்.

கடைசி 180 மீட்டர் அளவுக்குப் பாறையின் விளிம்பில் வெட்டப்பட்ட குறுகிய திட்டின் வழியே நடக்க வேண்டும். ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் சரிவு. அதன் முடிவில் திரும்பியதும், அதுவரை கண்ணுக்குப் புலப்படாத வளைவு முழு உருவத்துடன் எதிரே தோன்றுகின்றது. வளைவின் அடியிலும் பாறை கிண்ணம் போல் சரிந்தே உள்ளது. குளிர்காலத்தில் இங்கே பனி உறைந்து வழுக்கும். 2019 நவம்பரில் இவ்வளைவருகே வழுக்கி விழுந்து இருவர் உயிரிழந்தனர்.

கோடையில் இடர் வேறு வகையினது. வெப்பம் 38 பாகை செல்சியஸைக் கடக்கும். காற்று மிக வறண்டிருப்பதால் வியர்வை உடலிலேயே உலர்ந்துவிடுகின்றது. எவ்வளவு நீரை இழந்தோம் என்பது நடப்பவருக்குத் தெரிவதில்லை. தாகம் எடுத்தபின் குடிக்கலாம் என்று இருப்பவர், களைப்பும் தலைச்சுற்றலும் வந்தபின்பே விழித்துக் கொள்கின்றனர். பாதையில் குடிநீர் கிடையாது. ஆகவே ஒவ்வொருவரும் குறைந்தது 2 லிட்டர் நீரைத் தம்முடன் கொண்டு செல்ல வேண்டும் என்று பூங்காவினர் வற்புறுத்துகின்றனர். காலையில் வெயில் ஏறுமுன் சென்று திரும்புதல் நன்று. எடுத்துச் சென்ற நீரில் பாதி தீர்ந்ததும், வளைவு அருகிலிருந்தாலும் திரும்பிவிடுதலே அறிவுடைமை. வளைவு நாளையும் அங்கே நிற்கும்.

காலடியில் உள்ள உயிர்

வளைவைக் காண வருவோர் கண்கள் மேலே நோக்குகின்றன. உழவர்கள் அறிய வேண்டிய வியப்போ காலடியில் உள்ளது. பாதைக்கு வெளியே உள்ள மணல்மேல், கருத்து முண்டு முண்டாக ஒரு பொருக்கு படர்ந்திருக்கும். பார்ப்பதற்கு அது காய்ந்த சேறு போலவே தோன்றும். உண்மையில் அது உயிருள்ளது. நீலப்பச்சைப் பாசி, கற்பாசி, பாசம், பூஞ்சை ஆகியன ஒன்றுகூடி வாழும் போர்வை அது.

நீலப்பச்சைப் பாசி நம் நெல் வயல்களுக்குப் புதியதன்று. காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும் உயிர் உரமாக அதனை நாம் அறிவோம். நீர் தேங்கிய வயலில் அது செய்யும் தொண்டையே இங்கே பாலை மணலிலும் அதன் இனம் செய்கின்றது. மழை பெய்ததும் இப்பாசி நனைந்து ஊர்ந்து, பசையுள்ள நுண்ணிழைகளை மணலில் விட்டுச் செல்கின்றது. அவ்விழைகள் மணல்மணிகளைப் பின்னிப் பிணைப்பதால் காற்று மண்ணை வாரிச் செல்வதில்லை. மழை அரித்துச் செல்வதில்லை. விழுந்த நீரும் மண்ணில் தங்குகின்றது. புல்லும் புதரும் வேரூன்ற இப்போர்வையே தாய்மடி.

இப்போர்வை நிலைத்து நிற்க இன்றியமையாதது, அதன்மீது மிதிக்கப்படாமை. காய்ந்திருக்கும்பொழுது ஒரே ஒரு காலடி பட்டாலும் அது நொறுங்கிவிடும். மேலே மெல்லிய படலம் மீண்டும் தோன்றவே சில ஆண்டுகள் ஆகும். முதிர்ந்த போர்வை உருவாக 50 ஆண்டுகளும் அதற்கு மேலும் தேவைப்படும். ஒருவர் குறுக்கு வழியில் பத்து அடி நடந்தால், அவர் காலடியைக் கண்ட அடுத்தவரும் அவ்வழியே செல்வார். விரைவில் அது தடமாகும். தடம் நீர் ஓடும் வாய்க்காலாகும். வாய்க்கால் மண்ணை வாரிச் செல்லும் ஓடையாகும். மேய்ச்சல் நிலத்தில் மாட்டுத் தடம் எவ்வாறு ஓடையாக மாறுகின்றது என்பதை நம் கிராமங்களில் கண்டவர்களுக்கு இதனை நீட்டி விளக்க வேண்டியதில்லை.

எதைக் காப்பது, எதை விடுவது

இந்நிலம் 1929 ஏப்ரல் 12-இல் அதிபர் ஹெர்பர்ட் ஹூவர் ஆணையால் தேசிய நினைவுச் சின்னமாக்கப்பட்டது. அப்பொழுது டெலிகேட் வளைவு அதன் எல்லைக்குள் இல்லை. 1938-இல் எல்லை விரிவாக்கப்பட்டபொழுதே சேர்க்கப்பட்டது. 1971-இல் முழுத் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டது.

1950-களில் ஒரு யோசனை எழுந்தது. வளைவு நாளடைவில் தேய்ந்து விழுந்துவிடும் என்று அஞ்சி, அதன்மேல் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பூச்சு ஒன்றைப் பூசலாமா என்று ஆராய்ந்தனர். அது நடைமுறைக்கு ஒவ்வாதது என்றும், இயற்கையை அதன் போக்கில் விடும் கொள்கைக்கு முரணானது என்றும் கண்டு கைவிட்டனர். மழையும் உறைபனியும் ஆக்கிய வளைவை, அவையே ஒருநாள் வீழ்த்தும். அதனைத் தடுத்தல் மனிதர் கடமையன்று என்று முடிவு செய்தனர்.

அவ்வாறு வீழ்ந்தவையும் உண்டு. 1991 செப்டம்பரில், 93 மீட்டர் நீளமுள்ள 'லேண்ட்ஸ்கேப்' வளைவின் அடியிலிருந்து ஏறத்தாழ 18 மீட்டர் நீளப் பாறைத் துண்டு பெயர்ந்து விழுந்தது. கீழே இருந்தவர்கள் ஓசை கேட்டு விலகியதால் உயிர்ச் சேதம் இல்லை. அதன் அடியில் சென்ற பாதை பின்னர் மூடப்பட்டது. 2008 ஆகஸ்டில், ஏறத்தாழ 22 மீட்டர் அகலமுள்ள 'வால் ஆர்ச்' என்னும் வளைவு ஓர் இரவில் யாரும் காணாமலே முழுவதும் சரிந்தது.

மனிதரால் நேரும் கேட்டிலோ அவர்கள் கண்டிப்பாக இருந்தனர். 2000-ஆம் ஆண்டில் இரவுப் படம் எடுப்பதற்காக ஒருவர் டெலிகேட் வளைவின் அடியில் தீ மூட்டியதால் பாறை நிறம் மாறியது. அவர்மீது வழக்குத் தொடர்ந்து தண்டனை பெற்றுத் தந்தனர். 2006-இல் ஒருவர் வளைவின் மேலேயே ஏறினார். அதனை அடுத்து, பெயர் பெற்ற எந்த வளைவின்மீதும் ஏறலாகாது என்று விதியைத் தெளிவாக்கினர். 2021-இல் பூங்காவுக்கு வந்தோர் தொகை 18 இலட்சத்தைக் கடந்தது. வண்டிகள் நிறுத்த இடமின்றி வாயிலைத் தற்காலிகமாக மூட நேர்ந்த நாட்கள் பல. ஆகவே 2022 ஏப்ரலில், வரும் நேரத்தை முன்கூட்டியே பதிவு செய்து வரும் முறையைச் சோதனையாகத் தொடங்கினர்.

இவையனைத்திலும் ஊடுருவி நிற்கும் கொள்கை ஒன்றே. இயற்கையால் வருவதை ஏற்றுக்கொள்வது. மனிதக் காலடியால் வருவதைத் தடுப்பது. பாறையைக் காக்க எவராலும் இயலாது. பாதையைக் காக்க அனைவராலும் இயலும்.

நம் ஊராட்சிகள் கொள்ளத்தக்கவை

நம் ஊர்களிலும் குன்றுகள், அருவிகள், மலைக்கோயில்கள், பழைய பாறை ஓவியங்கள் உள்ளன. விடுமுறை நாட்களில் அவற்றை நாடி வருவோர் தொகை பெருகி வருகின்றது. வருகின்றவர்களால் ஊருக்கு வருவாய் உண்டு. முறையில்லாவிடில் இழப்பும் உண்டு. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கி மலையேறச் சென்றோர் பலர் மாண்டதை நாம் மறக்கலாகாது. காட்டு நிலம் வனத்துறையின் பொறுப்பில் உள்ளது. ஆயினும் மலையடிவாரம் ஊராட்சியின் எல்லையிலேயே உள்ளது. வருவோர் முதலில் காண்பது ஊரையும் ஊர்மக்களையுமே.

ஆதலின் வனத்துறையோடு கலந்து ஊராட்சிகள் செய்யத்தக்க எளிய பணிகள் சில:

1. பாதை ஒன்றே இருத்தல் வேண்டும். குறுக்குத் தடங்களை முள்ளிட்டும் கல்லிட்டும் அடைத்துவிட்டால், இரண்டொரு மழைக்குப் பின் புல் தானே முளைத்து மூடும்.

2. பாதையில் குறுக்காகக் கல் வரிசை பதித்து, மழைநீரைப் பக்கவாட்டில் திருப்பிவிட வேண்டும். வரப்பு கட்டத் தெரிந்தவர்களுக்கு இது கைவந்த வேலை.

3. ஏற்றம் தொடங்கும் இடத்தில் குடிநீரும் அறிவிப்புப் பலகையும் அமைக்க வேண்டும். தொலைவு, ஏற ஆகும் நேரம், மேலே நீர் உண்டா இல்லையா, எந்த நேரத்துக்குப்பின் ஏறலாகாது என்பன பெரிய எழுத்தில் இருக்க வேண்டும்.

4. மேலே செல்வோரையும் இறங்கி வருவோரையும் எண்ணிக் குறித்துக்கொள்ள ஒருவர் இருத்தல் வேண்டும். மாலையில் ஒருவர் குறைந்தாலும் அன்றே தெரியும்.

5. கடும் வறட்சியும் காட்டுத் தீ அச்சமும் உள்ள நாட்களில் வனத்துறை வழியை அடைத்தால், வருவாய் கருதி ஊரார் வேறு வழி காட்டலாகாது.

இவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை. ஊர் இளைஞர்களின் உழைப்பும் ஊராட்சியின் உறுதியும் போதும். பல கோடி ஆண்டுகளில் உருவான பாறையை நாம் ஆக்கவில்லை. ஆனால் அதற்குச் செல்லும் வழி நம் காலத்தில், நம் கையில் உள்ளது. அவ்வழியில் மண் சரியாமலும் மனிதர் வீழாமலும் பார்த்துக்கொள்ளும் ஊரே தன் மலையைக் காத்த ஊராகும்.